அடுத்த கேள்வி
(பாராளுமன்றக் கேள்வி நேரம் – ஒரு வரலாற்றுப் பார்வை)

நம் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் அன்போடு கேட்டார்கள். விடுதிக் கதைகளையும் விளையாட்டு விழாக் கதைகளையும் சுவையாக எழுத என்னைவிடக் கைதேர்ந்த நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இக்கல்லூரியில் வரலாறு படித்தவன். படிப்பு முடிந்ததும் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஆகவே வரலாறும் ஆபீஸும் ஒன்றாகச் சந்திக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். மக்கள் பிரதிநிதிகள் அமைச்சர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்களே, அந்த வழக்கம் எப்படி வந்தது, அதனால் என்ன பலன் என்பதே அந்தப் பொருள்.

"கேள்வி கேட்பது என்ன பெரிய காரியம்? யார் வேண்டுமானாலும் கேட்கலாமே" என்று மாணவத் தம்பி தங்கைகள் நினைக்கலாம். கேள்வி கேட்கலாம்தான். ஆனால் பதில் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ஒருவரை நிறுத்திவைத்துக் கேட்பது வேறு. அந்தப் பதில் போதவில்லை என்றால் விடாமல் இன்னொன்று கேட்பது அதைவிடப் பெரிது. இந்த இரண்டாவது உரிமை நம் நாட்டுக்கு வந்துசேர ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

முதல் கேள்வி

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரபுக்கள் சபையில் கேட்கப்பட்டது. அதற்கு முந்திய வருடம்தான் 'தென்கடல் கம்பெனி' என்ற நிறுவனத்தின் பங்குகள் விண்ணை முட்ட ஏறிப் பிறகு தலைகுப்புற விழுந்தன. பலர் சொத்தை இழந்தார்கள். விசாரணை தொடங்கியதும் கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டே ஓடிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டதாகப் பேச்சு அடிபட்டது. "அது உண்மைதானா?" என்று கௌப்பர் பிரபு எழுந்து கேட்டார். அரசின் சார்பில் சண்டர்லாண்ட் பிரபு பதில் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மந்திரியை நேரடியாகக் கேட்டால் மந்திரி சபையிலேயே பதில் சொல்லவேண்டும் என்ற வழக்கத்துக்கு அது ஒரு பிள்ளையார் சுழி.

முதல் கேள்வியே பொதுமக்களின் பணம் போன இடத்தைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் நம் நாட்டுக் கதைக்கு வரும்போது இது உதவும்.

வெள்ளைக்காரன் கொடுத்த பாதி உரிமை

இந்தியாவில் 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டமியற்றும் சபை, சட்டம் செய்வதோடு நிற்காமல் நிர்வாகத்தையும் கேள்வி கேட்கத் தொடங்கியது. ஆட்சியாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததும் அந்த வாய் அடைக்கப்பட்டது. சட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம், மற்றதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்ற நிலை.

1885-இல் காங்கிரஸ் மகாசபை பிறந்தது. சட்டசபைகளைச் சீர்திருத்த வேண்டும், கேள்வி கேட்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அதன்பிறகு 1892-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 1893-இல் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் சபையில் முதல் கேள்வி எழுந்தது. அது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான்கள் கொடுக்கவேண்டியிருப்பதால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் கஷ்டத்தைப் பற்றி! பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கீழ்மட்டத்தில் ஒரு சாதாரணக் கடைக்காரர் படும் பாடு சாம்ராஜ்யத்தின் உச்சிச் சபைக்கு ஒரு கேள்வியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அந்த உரிமையில் ஒரு சூட்சுமம் இருந்தது. கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு எழுதிவைத்த பதிலை வாசிக்கும். அதோடு சரி. "அப்படியானால் இது எப்படி?" என்று தொடர்ந்து கேட்க முடியாது. பதிலைப் பற்றி விவாதிக்கவும் முடியாது. தபாலில் மனு அனுப்பித் தபாலில் பதில் வாங்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

1909-இல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தபோது கதவு கொஞ்சம் திறந்தது. மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் அதன் தொடர்ச்சியாகத் துணைக் கேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. 1892-இலிருந்து கணக்குப் பார்த்தால், ஒரு கேள்வியைக் கேட்கும் உரிமைக்கும் அதை ஒட்டி அடுத்த கேள்வியை எல்லோரும் கேட்கும் உரிமைக்கும் நடுவில் 27 வருடங்கள்.

ஏன் இத்தனை தயக்கம்? எழுதிவைத்த பதிலை யாரும் வாசித்துவிடலாம். அடுத்து என்ன வரும் என்று தெரியாத கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டும்; சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும். இதை நம்மவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்திய சட்டசபைக்குச் சென்ற தீரர் சத்தியமூர்த்தி, துணைக் கேள்வி கேட்பதில் பெயர் பெற்றவர். பின்னாளில் சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தவர் என்று நமக்கெல்லாம் தெரிந்த அதே சத்தியமூர்த்திதான். பதில் சொல்லும் கடமை மட்டும் இருந்து, பதவி விலகும் கட்டாயம் இல்லாத வெள்ளை அதிகாரிகளையே கேள்விகளால் திணற வைத்தவர்கள் அந்தத் தலைமுறையினர்.

இன்றைய நடைமுறை

சுதந்திர இந்தியாவில் மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 மணிக்குத் தொடங்குகிறது. மக்களவை விதிப்படி உறுப்பினர் குறைந்தது 15 நாட்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். ஏராளமான கேள்விகள் வந்து குவிவதால், எது முந்தி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். அமைச்சர் சபையில் வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டிய கேள்விக்கு நட்சத்திரக் குறி இடுவார்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலில் வரும். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை. அவற்றுக்கு எழுத்துமூலம் பதில்.

துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு நட்சத்திரக் கேள்விக்கு மட்டும்தான் உண்டு. ஒரு மணி நேரத்தில் 20 கேள்விகளும் முடிவதில்லை. சில கேள்விகளைத்தான் எடுக்க முடிகிறது. மீதிக்கு எழுத்துமூலப் பதிலை மேஜையில் வைத்துவிடுவார்கள்.

இது சபையின் உள்ளே நடப்பது. வெளியே, ஆபீஸில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். மாநிலச் சட்டமன்றத்திலும் இதே வழிமுறைதான். கூட்டத்தொடர் தொடங்கிவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரு பரபரப்பு. "எல்.ஏ.க்யூ. வந்திருக்கு சார்!" என்று ஒரு குரல் கேட்டால் போதும், மற்றக் கோப்புகள் எல்லாம் ஓரமாகப் போய்விடும். சட்டமன்றக் கேள்விக்கு எங்கள் பாஷையில் அதுதான் பெயர். பதிலைத் தபாலில் அனுப்ப நேரம் இருக்காது. தனி ஆள் மூலம் ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குக் கொடுத்தனுப்புவோம்.

கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். இன்ன ஊரில் இன்ன வேலை நடக்கிறதா? ஆமெனில், எப்போது முடியும்? இல்லையெனில், காரணம் என்ன? இதற்குப் பதில் எழுதுவதில் எங்கள் ஆட்கள் கில்லாடிகள். "ஆம்", "பரிசீலனையில் உள்ளது", "இக்கேள்வி எழவில்லை". இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்தொடரை ஓட்டிவிடலாம் என்று ஒரு மூத்த உதவியாளர் வேடிக்கையாகச் சொல்வார்.

ஆனால் பதிலோடு இன்னொரு காகிதமும் போக வேண்டும். 'துணைக் கேள்விகளுக்கான குறிப்பு' என்று அதற்குப் பெயர். உறுப்பினர் அடுத்து என்னென்ன கேட்கக்கூடும், அதற்கு அமைச்சர் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான விவரம் அது. அங்கேதான் எல்லோருக்கும் வியர்க்கும்.

ஒரு சமயம் ஒரு கிராமத்துத் தரைப்பாலத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. கோப்பின்படி "பணி நடைபெற்று வருகிறது". அப்படியே எழுதிக் கையெழுத்துக்கு வைத்தார்கள். மேலதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு மெம்பர் எழுந்து கேட்டா மினிஸ்டர் என்னய்யா சொல்லுவாரு?" யாருக்கும் தெரியவில்லை. அன்று மத்தியானமே ஜீப் கிளம்பிப் போய்ப் பார்த்தது. அங்கே இருந்தது ஒரு ஜல்லிக் குவியலும், அதன்மேல் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகளும்தான். அடுத்த வாரம் வேலை தொடங்கியது. அந்தக் கேள்வி கடைசியில் சபையில் எடுக்கப்படவே இல்லை, நேரம் போய்விட்டது. கேட்கப்படாத துணைக் கேள்வி ஒன்றுக்குப் பயந்து ஒரு பாலம் கட்டப்பட்டது. இதை நான் நேரில் பார்த்தவன். கேள்வி நேரத்தின் அருமை எனக்குப் புத்தகத்தில் புரிந்ததைவிட அந்த ஜல்லிக் குவியலில்தான் அதிகம் புரிந்தது.

முந்த்ரா விவகாரம்

இனி, துணைக் கேள்வியின் சக்தியை இந்தியா முழுவதும் பார்த்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1956-இல் 245 தனியார் இன்சூரன்ஸ் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் ரேபரேலி தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பாலிசிதாரர்களின் பணம் எப்படி விளையாடுகிறது என்பதை 1955 டிசம்பரில் மக்களவையில் புள்ளிவிவரத்தோடு எடுத்துவைத்தவர் அவர். அவர் பிரதமர் நேருவின் மருமகன் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியோடு சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு எல்.ஐ.சி. வாங்கியது. முந்த்ராவோ அப்போது கடன் நெருக்கடியில் இருந்தவர். முதலீட்டுக் குழுவைக் கேட்காமலேயே பேரம் முடிந்தது. செய்தி பத்திரிகையில் கசிந்தது.

1957 செப்டம்பரில் டாக்டர் ராம் சுபக் சிங் மக்களவையில் இதுபற்றிக் கேள்வி எழுப்பினார். அரசுத் தரப்பிலிருந்து பிடிகொடுக்காத பதில் வந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. நவம்பர் இறுதியில் மறுபடியும் கேள்வி. இம்முறை பதில் சொன்னவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த மேதை, தென்சென்னையிலிருந்து மக்களவைக்குச் சென்றவர், நேருவின் நம்பிக்கைக்கு உரியவர். வாதத்தில் அவரை மடக்குவது சுலபம் அல்ல. அவர் பதில் சொல்லச் சொல்ல, துணைக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அது போல.

டிசம்பர் 16-ஆம் தேதி விவாதம். பெரோஸ் காந்தி எழுந்தார். எல்.ஐ.சி. பாராளுமன்றம் பெற்ற பிள்ளை. அதன் பணம் தவறான வழியில் போனால் கண்காணிக்க வேண்டியதும் பாராளுமன்றமே என்ற பொருள்பட அவர் பேசினார். பங்குகளின் சந்தை விலை என்ன, எல்.ஐ.சி. கொடுத்த விலை என்ன என்பதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்தார். சந்தையில் கிடைப்பதைவிட அதிக விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள்! வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாமல் இப்படிப் பேச முடியாது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அல்ல, ஆளும் கட்சி வரிசையிலிருந்தே, பிரதமரின் குடும்பத்திலிருந்தே அந்தக் கேள்வி வந்தது என்பதுதான் அதன் சிறப்பு.

1958 ஜனவரியில் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. பம்பாய் ஐகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனி நபராக விசாரித்தார். விசாரணை முழுக்கப் பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதத்தில் அறிக்கை தயார். இன்று நாம் பார்க்கும் கமிஷன்களை நினைத்தால் இது கனவு போல இருக்கிறது, இல்லையா?

கிருஷ்ணமாச்சாரி பணம் வாங்கினார் என்று சாக்ளா சொல்லவில்லை. இந்தக் கொள்முதலுக்குத் தம் ஒப்புதல் இல்லை, அதிகாரிகள் செய்தது என்பதே அமைச்சரின் வாதம். தம் செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சரே அரசியல் சாசனப்படி பொறுப்பு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்றார் சாக்ளா. பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். அந்த ஆண்டு பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படிக்கவேண்டி வந்தது. முந்த்ரா பின்னர் சிறை சென்றார்.

கிருஷ்ணமாச்சாரி திறமைசாலி. 1962-இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்து, 1963-இல் மறுபடி நிதியமைச்சரும் ஆனார். விசாரித்த சாக்ளா 1963-இல் மத்திய கல்வி அமைச்சரானார். விவகாரத்தில் அடிபட்ட நிதிச் செயலாளர் எச்.எம். படேல், 1977-இல் ஜனதா ஆட்சியில் நிதியமைச்சராக வந்து அமர்ந்தார். விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவரும் கடைசியில் அதே கேள்வி நேரத்தில் எழுந்து நின்று பதில் சொன்னார்கள். பெரோஸ் காந்தி மட்டும் 1960-இலேயே, 48 வயதை எட்டுமுன் காலமாகிவிட்டார்.

1721-இல் லண்டனில் கேட்ட முதல் கேள்விக்கும், 1957-இல் டெல்லியில் கேட்ட இந்தக் கேள்விகளுக்கும் விஷயம் ஒன்றுதான்: ஊரார் பணம் எங்கே போனது?

கேள்வி நேரத்துக்கு வந்த சோதனைகள்

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற உரிமையை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1962-இல் சீனப் போரின்போது கேள்வி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. 1975-இல் நெருக்கடி நிலை வந்ததும் ஜூலை கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இல்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி அது விடப்பட்டது. நட்சத்திரமில்லாத கேள்விகளுக்கு எழுத்துமூலப் பதில் மட்டும் வந்தது. அதாவது 1892-ஆம் ஆண்டு நிலைக்கு ஒரு கூட்டத்தொடர் திரும்பிப் போய் வந்தது என்பேன். பதில் உண்டு, மறு கேள்வி இல்லை. தொற்று நோய்க் காலத்தில் உயிர்ப் பயம் நியாயம்தான். ஆனால் கேள்வி கேட்கவேண்டிய விஷயங்கள் அதிகமாக இருப்பதும் இப்படிப்பட்ட காலத்தில்தானே?

மேலிருந்து வந்த சோதனைகள் இவை. உறுப்பினர்களே வரவழைத்துக்கொண்டவையும் உண்டு. 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியதாக ரகசியக் கேமராவில் பதிவானதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவருமாக 11 பேர் பதவி நீக்கப்பட்டார்கள். அது செல்லும் என்று 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2009 நவம்பர் 30-ஆம் தேதி நடந்தது வேறொரு கூத்து. பெயர் கூப்பிடக் கூப்பிட, கேள்வி கொடுத்த உறுப்பினர்கள் பலர் சபையிலேயே இல்லை! கேள்வி நேரம் பாதியிலேயே முடிந்துபோனது. கூச்சலிலும் ஒத்திவைப்பிலும் கரைந்துபோன கேள்வி நேரங்களுக்குக் கணக்கே இல்லை. 1994 டிசம்பரிலிருந்து தூர்தர்ஷனில் கேள்வி நேரத்தை நேரடியாகக் காட்டத் தொடங்கியபோது எங்கள் அலுவலகத்தில் பலரும் ஆவலோடு பார்த்தோம். அந்த ஆவல் கொஞ்ச காலத்தில் வற்றிப்போனதற்குக் காரணம் நாங்கள் மட்டும் இல்லை.

கூச்சல் போட்டு ஒரு மணி நேரம் வீணானால் யாருக்கு லாபம்? பதில் தயாரிக்காமல் வந்த அமைச்சருக்கும், ஜல்லிக் குவியலைப் பாலம் என்று எழுதிய அலுவலகத்துக்கும்தான். சபை ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தி ரேடியோவில் வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சைக் கேட்டவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

மாணவர்களுக்கு

நம் கல்லூரியிலும் மாதிரிப் பாராளுமன்றம் நடத்துகிறார்கள் என்று அறிந்து மகிழ்ச்சி. மேஜையைத் தட்டுவதும் வெளிநடப்புச் செய்வதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு யோசனை சொல்கிறேன். அடுத்த முறை வெளிநடப்பை விட்டுவிடுங்கள். ஒரு பட்ஜெட் புத்தகத்தையோ, தணிக்கை அறிக்கையையோ நூலகத்தில் எடுத்துப் படித்து, ஒரே ஒரு கேள்வி தயார் செய்யுங்கள். பிறகு அதற்கு என்ன பதில் வரும் என்று யோசித்து, அந்தப் பதிலுக்கு ஒரு மறு கேள்வி தயார் செய்யுங்கள். பெரோஸ் காந்தி செய்தது அவ்வளவுதான்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-இல் வந்த தகவல் உரிமைச் சட்டம் அந்தப் பழைய உரிமையில் ஒரு பங்கை நம் ஒவ்வொருவருக்கும் கொடுத்தது. நம் தெருச் சாக்கடைக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று நாமே எழுதிக் கேட்கலாம். பதில் வரும், சில சமயம் "கோப்பில் இல்லை" என்றும் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. அதுதான் நம்முடைய துணைக் கேள்வி.

எங்களுக்கு வரலாறு நடத்திய ஆசிரியர், பாடம் முடிந்ததும் "சந்தேகம் இருந்தால் கேளுங்கப்பா" என்பார். ஒருவன் கேட்டால், பதில் சொல்லிவிட்டு, "சரி, அடுத்த கேள்வி?" என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது அது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது. இந்த மலரைப் படிக்கும் இன்றைய மாணவர்களில் ஒருவர் நாளை அமைச்சராகலாம், ஒருவர் உறுப்பினராகலாம், பலர் என்னைப் போல் பதில் தயாரிக்கும் நாற்காலியில் உட்காரலாம். எங்கே உட்கார்ந்தாலும் அடுத்த கேள்வியை நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.